ஸ்லேட் மேலே வந்தது பூட்ஸ் சத்தத்தாலா, ஜிகினாவாலா?

#1 ரெக்கார்டு ராசு

கிளாம் ராக், அதாவது மினுமினுப்பு உடுப்போடு மேடையேறிய எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசை, என்றாலே நம் ஆட்கள் மார்க் போலன், டேவிட் போவி என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்த அலை அடித்த 1971 முதல் 1974 முடிய பிரிட்டிஷ் சிங்கிள் (ஒற்றைப் பாட்டு ரெக்கார்டு) விற்பனைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். போலனின் டி. ரெக்ஸ் நான்கு முறை முதலிடம். போவி ஒருமுறைகூட இல்லை. அவருக்கு முதல் நம்பர் ஒன் 1975 நவம்பரில்தான் வாய்த்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்திலிருந்து வந்த ஸ்லேட் குழு ஆறு முறை. அந்த ஆறில் மூன்று, பட்டியலில் நுழைந்த வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தவை.

இவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. வெள்ளி உடுப்பு, கண்ணாடி பதித்த தொப்பி எல்லாம் பந்தல் அலங்காரம். சமையல் வேறு இடத்தில் நடந்தது.

நோடி ஹோல்டர் பாட்டும் கிட்டாரும், டேவ் ஹில் கிட்டார், ஜிம் லீ பேஸும் வயலினும், டான் பவல் டிரம்ஸ். 1966-ல் இந்த நாலு பேரும் சேர்ந்தபோது குழுவின் பெயர் 'இன் பிட்வீன்ஸ்'. நிலக்கரிப் புகையும் இரும்புப் பட்டறையுமாக இருந்ததால் பிளாக் கன்ட்ரி என்று பெயர் வாங்கிய வட்டாரம் அது. ஹோல்டரின் அப்பா வால்சாலில் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலாளி. அந்த வாளியும் ஏணியும் ஏற்றும் வேனில்தான் மகன் மற்ற பாட்டுக்குழுக்களின் சாமான்களை ஏற்றிப்போய் இறக்கினார். அதில் ஒரு குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட், லெட் செப்பெலின் என்ற பெரிய ராக் குழுவுக்குப் போவதற்கு முன்னால்.

1966-லிருந்து 1971 வரை ஒரு ஹிட் கிடையாது. ஐந்து வருஷம்! 1968-ல் பஹாமாஸுக்கு வாசிக்கப் போனார்கள். தங்கும் செலவு எங்களுடையது என்று சொன்னவர்கள் கைவிரித்துவிட, ஹோட்டல் பாக்கியை அடைக்க மாதக்கணக்கில் அங்கேயே வாசித்துத் தீர்த்தார்கள். 1969-ல் ஃபான்டானா ரெக்கார்டு கம்பெனி 'ஆம்ப்ரோஸ் ஸ்லேட்' என்று புதுப் பெயர் வைத்து முதல் எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய ரெக்கார்டு) போட்டது. விற்கவில்லை.

அப்போதுதான் சாஸ் சாண்ட்லர் வருகிறார். அனிமல்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், 1966-ல் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸை லண்டனுக்குக் கூட்டிவந்தவர். மேடையில் இவர்களைப் பார்த்ததும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற குழு, ரெக்கார்டில் மட்டும் ஏன் பிணம்போலக் கிடக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க அவருக்கே இரண்டு வருஷம் பிடித்தது. மேலே வந்த கதை முழுக்க அந்த விடைதான் என்பது என் வாதம். மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 குழலி கோவை

ராசு அண்ணா, ஒரு பாதியை மட்டும் சொல்றீங்க. பிபிசி ஒன்னுல கலர் ஒளிபரப்பு வந்ததே 1969 நவம்பர்லதான். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலதான் வீட்டுக்கு வீடு கலர் டிவி வர ஆரம்பிக்குது. 1971 மார்ச்சில போலன் கன்னத்துல மினுமினுப்பு ஒட்டிக்கிட்டு 'டாப் ஆஃப் த பாப்ஸ்'ல வந்து நின்னதைத்தான் கிளாமோட பிறந்தநாள்னு எல்லாரும் சொல்றாங்க. வாராவாரம் வியாழக்கிழமை நாடே பாக்குற நிகழ்ச்சி அது.

அதுல டேவ் ஹில் என்ன செஞ்சார்னு யோசிங்க. முன்நெத்தி முடியைக் கொட்டாங்கச்சி கவுத்த மாதிரி வெட்டிக்கிட்டு, உடம்பு பூரா வெள்ளி, ஒரு சாண் உசர பூட்ஸ். மத்த மூணு பேருக்கும் முன்கூட்டியே காட்டாம பாத்ரூம்ல போய் மாத்திக்கிட்டு வருவாராம். ஒரு உடுப்பைப் பாத்துட்டு ஜிம் லீ 'உலோகக் கன்னியாஸ்திரி'ன்னு பேர் வெச்சார். லீக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. ஹில் பதில் என்ன தெரியுமா? நீங்க எழுதுங்க, நான் விக்கிறேன். வித்தாரே!

#3 அரைகுறை ஆறுமுகம்

பேர்லயே சிலேட்டு இருக்கு. ஆனா பாட்டுத் தலைப்பு ஒன்னுலயும் ஸ்பெல்லிங் சரியில்லையாமே? நெசமா?

#4 ரெக்கார்டு ராசு

ஆறுமுகம், நெசம்தான். வேண்டுமென்றே செய்த தப்பு. அதற்கு வருகிறேன், இப்போதே கேட்டுக் குழப்பாதீர்கள்.

குழலி, டேவ் ஹில் விற்றார், மறுக்கவில்லை. ஆனால் விற்க சரக்கு வேண்டும் அல்லவா? 1969-லேயே இவர்களுக்கு 'தோற்றம்' கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. பத்திரிகைத் தொடர்பாளர் கீத் ஆல்தம் யோசனையில் நாலு பேருக்கும் தலையை ஒட்ட வெட்டி, கனத்த பூட்ஸ் மாட்டி, சஸ்பெண்டர் போட்டு, அடிதடிக்குப் பேர்போன ஸ்கின்ஹெட் பையன்களின் வேஷம். செய்தித்தாளில் படம் வந்தது. ரெக்கார்டு விற்கவில்லை. அதற்கு மேல், கலாட்டா வருமோ என்று பயந்து அரங்குக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். தோற்றம் மட்டும் ஒரு குழுவைத் தூக்கிவிடும் என்றால் அது 1969-லேயே நடந்திருக்க வேண்டும்.

#5 யாழ்தேவி

தம்பி ராசு, நீர் இதை 'வேஷம்' எண்டு ஒரு சொல்லில கடந்துபோறீர். நான் 1970 இல லண்டனுக்குப் படிக்க வந்தனான். இரவு வேலை முடிஞ்சு பஸ் ஸ்ராண்டில நிண்டா, பின்னால கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டவுடன நெஞ்சு இடிக்கும். ஸ்கின்ஹெட் பெடியள் எங்கட நிறத்தைக் கண்டாப் போதும். ஒருக்கா என்ர கண்ணாடியை உடைச்சவங்கள். அறைத்தோழன் ஒரு பஞ்சாபிப் பெடியன், அவனுக்குப் பல்லுப் போனது.

வுல்வர்ஹாம்ப்டன் எண்டா அப்ப எங்களுக்கு வேறொரு பேர்தான் ஞாபகம் வரும். ஈனாக் பவல். அவற்ர தொகுதி வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்கு. 1968 இல பக்கத்தில பர்மிங்காமில வைச்சுத்தான் குடியேறினவைக்கு எதிரான அந்தப் பேச்சைப் பேசினவர். டிரம்ஸ் அடிக்கிற பவலுக்கு அவர் சொந்தமில்லை, அது வேற. ஆனா அந்த ஊரில இருந்து மொட்டையும் பூட்ஸுமா நாலு பேர் வந்தா எங்களுக்கு எப்பிடி இருந்திருக்கும்?

அவங்கள் முடி வளர்த்து, கலர் கலரா உடுத்துக்கொண்டு டிவியில வந்தபிறகுதான் நான் அந்தப் பாட்டுகளைக் காது குடுத்துக் கேட்டன். அதனால குழலிப் பிள்ளை சொல்லுறதிலயும் விஷயம் இருக்கு. ஜிகினா பயத்தைப் போக்கினது.

#6 ரெக்கார்டு ராசு

அண்ணை, இதை நான் யோசித்ததே இல்லை. ரெக்கார்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூட்ஸ் சத்தத்தைத் தாளமாகவே கேட்டுப் பழகிவிட்டேன்.

ஸ்கின்ஹெட் கூட்டமே தொடக்கத்தில் ஸ்கா, ரெகே என்று ஜமைக்காக் கறுப்பர்களின் இசையைக் கேட்டு ஆடிய தொழிலாளி வீட்டுப் பையன்கள்தான் என்று படித்திருக்கிறேன். நீங்கள் பட்டதற்கு முன்னால் அந்தத் தகவலை வைத்து நான் என்ன செய்வது. விட்டுவிடுகிறேன்.

#7 டிரம்ஸ் தாமு

கல்யாண ஆர்கெஸ்ட்ராவுல இருபது வருஷம் டிரம்ஸ் அடிச்சவன் நான். ராசு சார் கட்சிக்கு ஒரு ஓட்டு.

1971-ல வந்த 'கெட் டவுன் அண்ட் கெட் வித் இட்' கேட்டுப் பாருங்க. பாபி மார்ச்சன் எழுதினது, இவங்க லிட்டில் ரிச்சர்ட் பாடினதைக் கேட்டுட்டு மேடையில போட்டுக்கிட்டிருந்த பாட்டு. சாண்ட்லர் என்ன சொன்னார்னா, ஸ்டூடியோன்னு நினைக்காதீங்க, மேடையில எப்படி அடிப்பீங்களோ அப்படியே அடிங்க. டேப் ஓட ஓட கையத் தட்டி, காலால தரையை உதைச்சிருக்காங்க. அந்தப் பாட்டு 16-ம் இடம் வரைக்கும் போச்சு. அஞ்சு வருஷத்துல முதல் ஹிட்டு.

டிரம்மரா ஒன்னு சொல்றேன். பவல் பெரிய வித்தைக்காரர் இல்ல. உருட்டு, தீர்மானம்னு ரொம்பக் காட்டமாட்டார். நாலு எண்ணிக்கையை நங்கூரம் மாதிரிப் போட்டுக் கொடுப்பார். அதுக்கு மேல பூட்ஸும் கைத்தட்டும் விழுந்தா, மண்டபத்துக் கடைசி வரிசையில தூண் மறைவுல நிக்கிறவனும் அஞ்சாவது ஆளா குழுவுல சேந்துருவான். கூட்டத்துக்கு என்ன வரும்னு தெரிஞ்சு அடிக்கிறது சுலபமான வேலை இல்லீங்க. எங்க தொழில்ல பாதிப் பேருக்கு அது வராது.

#8 ரெக்கார்டு ராசு

தாமு சார் சொன்னதுதான் நான் தேடிய வார்த்தை. அஞ்சாவது ஆள்.

அடுத்து சாண்ட்லர், சொந்தப் பாட்டு எழுதுங்கள் என்று நெருக்கினார். ஜிம் லீ சின்ன வயதில் ஸ்டாஃபர்ட்ஷர் இளையோர் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். ஒரு நாள் மாலை வயலினைத் தூக்கிக்கொண்டு ஹோல்டர் வீட்டுக்குப் போனார். பாரிஸில் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வாசித்த ஜாஸ் வயலின் மனதில் ஓட, அரை மணி நேரத்துக்குள் ஒரு பாட்டு முடிந்தது. சாண்ட்லர் கேட்டதும் இது நம்பர் ஒன் என்று சொல்லிவிட்டார்.

குழுவுக்கு சந்தேகம். பாட்டு ரொம்பக் குழைவாக இருக்கிறது, நம் கூட்டம் சிரிக்குமே என்று. அதனால் பூட்ஸும் கைத்தட்டும் மேலே ஏற்றினார்கள். தலைப்பும் காதலர் தின வாழ்த்து அட்டை போல இருந்தது. அதைப் பிளாக் கன்ட்ரி வாய்க்கு வருகிற மாதிரி எழுதினார்கள்: 'கஸ் ஐ லவ் யூ', முதல் சொல்லில் பாதியைக் காணோம், 'லவ்'வில் ஓ போய் யூ, கடைசி ஈயும் இல்லை. 1971 நவம்பரில் நான்கு வாரம் முதலிடம்.

ஆறுமுகம், உங்கள் கேள்விக்கு விடை இது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 'டேக் மீ பேக் ஓம்' என்று எழுதி, வீட்டுக்கான சொல்லில் முதல் எழுத்தை விழுங்கினார்கள். நம் ஊரில் ஒருவர் 'வூட்டுக்கு இட்டுனு போ' என்று ரெக்கார்டு உறை மேல் அச்சடித்தால் எப்படி இருக்கும், அப்படி. பிள்ளைகள் எழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

#9 அரைகுறை ஆறுமுகம்

எங்க தமிழாசிரியர் 'வூட்டுக்கு'ன்னு எழுதினதுக்கே என்னைப் பெஞ்சு மேல ஏத்தினார். அங்க நாலு வாரம் முதலிடமா! தப்பான நாட்டுல பொறந்துட்டேன்.

#10 குழலி கோவை

இந்த ஸ்பெல்லிங் விஷயம் என் பக்கத்துக்குத்தான் வலு. அதுவும் தோற்றம்தானே? காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும். கடையில ரெக்கார்டைக் கையில எடுத்தா இது யாரோடதுன்னு தூரத்துலயே தெரியணும். டேவ் ஹில் உடுப்பு செஞ்ச வேலையை எழுத்து செஞ்சிருக்கு.

நோடி ஹோல்டரோட தொப்பியும் அப்படித்தான். வண்டிக்காரங்க போடுற உசந்த தொப்பியில வட்ட வட்டமா கண்ணாடி பதிச்சு, மேடை விளக்கு பட்டதும் அரங்கம் பூரா வெளிச்சம் தெறிக்கும். அந்தத் தொப்பியைக் கென்சிங்டன் மார்க்கெட்டுல ஒரு கடையில வாங்கினதாவும், வித்தவர் பின்னாடி குயின் குழுவுல பாடின ஃபிரெடி மெர்குரின்னும் ஹோல்டரே சொல்லியிருக்கார். கதையைக் கொஞ்சம் நெய் ஊத்தித்தான் சொல்லுவார்னாலும் எனக்கு அது பிடிக்கும். வெளிச்சத்தைத் தன் மேல வாங்கி வெச்சுக்காம கூட்டத்து மேல திருப்பி அடிக்கிற தொப்பி! உங்க 'அஞ்சாவது ஆள்' அதுலயும் இருக்கார், பாத்தீங்களா?

#11 ரெக்கார்டு ராசு

தொப்பி விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். 'கஸ் ஐ லவ் யூ' வெளிவந்த அதே அக்டோபரில், லண்டன் பிக்கடில்லியில் ஒரு பழைய அரங்கைப் பதிவுக்கூடமாக மாற்றியிருந்த கமாண்ட் ஸ்டூடியோவில் மூன்று இரவுகள் ரசிகர் மன்ற உறுப்பினர்களை உட்காரவைத்து (உட்கார்ந்தார்களா என்பது வேறு விஷயம்) ஒரு நேரடி எல்பி பதிவு செய்தார்கள். செலவு ஏறக்குறைய 600 பவுண்ட். 1972 மார்ச்சில் 'ஸ்லேட் அலைவ்' என்று வந்து இரண்டாம் இடம் வரை ஏறியது. ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் முதலிடம். ரெக்கார்டில் தொப்பி தெரியாது, வெள்ளி உடுப்பு தெரியாது. கூட்டத்தின் இரைச்சல்தான் கேட்கும். அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு வேகம்தான். 'டேக் மீ பேக் ஓம்' முதலிடம். 'மாமா வியர் ஆல் கிரேஸி நவ்' முதலிடம். அதில் ஹோல்டர் முதலில் வைத்தது 'மை மை', சாண்ட்லர் காதில் 'மாமா' என்று விழுந்தது, அதுவே நன்றாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டார்கள். 1973 மார்ச்சில் 'கம் ஆன் ஃபீல் த நாய்ஸ்' பட்டியலில் நுழைந்ததே முதலிடத்தில். 1969-ல் பீட்டில்ஸின் 'கெட் பேக்' பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் அது நடக்கவில்லை. ஜூனில் 'ஸ்க்வீஸ் மீ ப்ளீஸ் மீ' மறுபடி அதேபோல். இதே கிளாம் அலையில் வந்த ஸ்வீட் குழுவையும் சொல்லவேண்டும், அவர்களுக்கும் 1973-ல் ஒரு நம்பர் ஒன். ஆனால் அவர்களுடைய ஹிட்டுகளைச் சின், சாப்மன் என்று இருவர் வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தார்கள். இங்கே எழுதியது லீயும் ஹோல்டரும்.

#12 டிரம்ஸ் தாமு

1973 ஜூலையையும் சொல்லணும் சார். ஒன்னாம் தேதி லண்டன் எர்ல்ஸ் கோர்ட் அரங்கம் நெறஞ்சு வழிஞ்ச கச்சேரி. நாலாம் தேதி வுல்வர்ஹாம்ப்டன்ல பவலோட கார் விபத்து. கூட வந்த அவரோட காதலி போயிட்டாங்க. பவல் ஆறு நாள் நினைவில்லாம கிடந்தார். அந்த நேரத்துல அவங்க பாட்டுதான் நாட்டுல முதலிடத்துல ஓடிக்கிட்டிருக்கு!

எழுந்து வந்தப்ப சுவையும் வாசனையும் தெரியல. நினைவு தங்கல. ஒத்துக்கிட்ட கச்சேரிக்கு ஜிம் லீயோட தம்பி ஃபிராங்க் உக்காந்து அடிச்சார். பவல் திரும்பி வந்தும் பாட்டு நடுவுல அடுத்து என்னன்னு மறந்துடும், யாராவது சொல்லணும். கைக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கு போல. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

#13 ரெக்கார்டு ராசு

அவர்களுடைய கிறிஸ்துமஸ் பாட்டு 'மெரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி' அந்த நிலைமையில்தான் உருவானது, தாமு சார். அதுவரை நாலு பேரும் ஒன்றாக நின்று ஒரே வீச்சில் பதிவு செய்வார்கள். பவலால் முழுப் பாட்டையும் நினைவில் வைக்க முடியாததால் இதைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். நியூயார்க் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில், 1973-ன் வெயில் காலத்தில். பல்லவிக்கு எதிரொலி வேண்டும் என்று கட்டிடத்தின் நடைவழியில் போய் நின்று பாடியிருக்கிறார்கள். வெளியே ஜனங்கள் வேர்த்துக்கொண்டு போக, உள்ளே கிறிஸ்துமஸ். ராகத்தில் பாதி, 1967-ல் ஹோல்டர் எழுதி மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஒரு பாட்டிலிருந்து எடுத்தது.

டிசம்பரில் வந்தது, நேராக முதலிடம், ஐந்து வாரம். இதோடு ஆறு.

#14 யாழ்தேவி

அந்த டிசம்பர் எனக்கு நல்ல ஞாபகம். எண்ணெய் விலை ஏறி, சுரங்கத் தொழிலாளர் பிரச்சினை வேற. ஜனவரியில இருந்து கிழமைக்கு மூண்டு நாள்தான் தொழிற்சாலையளுக்கு மின்சாரம் எண்டு அறிவிச்சுப்போட்டினம். நான் அறைக்குள்ள கோட்டோட படுத்தனான். கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி அந்தப் பாட்டைப் போட்டு விட்டிட்டு, மேல வந்து கதவைத் தட்டி எனக்கு ஒரு துண்டு கேக் தந்தவ. மூண்டு வருஷமா ஒரே வீட்டில இருந்தும் அதுதான் முதல் தரம் கதைச்சது.

அதுக்காக அந்தப் பூட்ஸை மன்னிச்சிட்டன் எண்டு எழுதிப்போடாதையும் தம்பி. இப்பவும் டிசம்பர் வந்தா இங்க எந்தக் கடைக்குள்ள போனாலும் அந்தப் பாட்டுத்தான். கடைசியில அந்த மனுசன் கத்துற கத்தலுக்கு என்ர பேரப்பிள்ளை காதைப் பொத்தும்.

#15 குழலி கோவை

அண்ணை, கேக் துண்டுக்கு நன்றி. 1975-ல 'ஸ்லேட் இன் ஃபிளேம்' படம் எடுத்து, சிரிப்பும் கூத்தும் எதிர்பார்த்து வந்த ரசிகர்களுக்கு இருட்டான கதையைக் காட்டினதும், அமெரிக்காவுல போய் முட்டி மோதினதும் தனி இழை போடுற அளவுக்கு இருக்கு. ஏறின கதை இங்கயே முடியட்டும். ராசு அண்ணா, சமரசம்: சமையல் நீங்க சொன்ன இடத்துல, ஆனா பந்தலைப் பாத்துத்தான் ஜனங்க உள்ள வந்தாங்க. சம்மதமா?

#16 ரெக்கார்டு ராசு

முக்கால் சம்மதம்.

#17 அரைகுறை ஆறுமுகம்

ராத்திரி 'ஸ்லேட் அலைவ்' கேட்டேன். ஒரு சந்தேகம். மெதுவா ஒரு காதல் பாட்டு போகுதே, 'டார்லிங் பி ஹோம் சூன்'. எல்லாரும் அமைதியா இருக்குறப்ப நடுவுல ஹோல்டர் ஏப்பம் விடுறாரா, இல்ல என் ஹெட்போன் கெட்டுப்போச்சா?

#18 ரெக்கார்டு ராசு

ஹெட்போன் நன்றாக இருக்கிறது. ஏப்பம்தான். மூன்று இரவு பதிவில் அதை வெட்டாமல் அப்படியே விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எந்த ஊரில் பாடினாலும், அந்த இடம் வந்ததும் கூட்டம் ஏப்பத்துக்குக் காத்திருந்ததாம்.

#19 டிரம்ஸ் தாமு

தாளத்துல விட்டிருக்கார் சார். நான் எண்ணிப் பாத்தேன்.